தொண்ணூற்றெட்டு

மே 4
இன்று ஆஸ்பத்திரியில் கொரோனா தடுப்பூசி போடும் மேசையில் எனக்கு வேலை. வந்தவர்களில் பாதிப் பேர் விஷம் வைக்க வந்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். அப்பாவுக்கும் பெயர் பதிந்திருந்தேன். வந்து வரிசையில் நின்றார், எனக்குக் கைகூட ஆட்டினார். மறுபடி நிமிர்ந்தால் ஆளைக் காணோம். போன் செய்தால், "கடைல ஒரு வண்டி நிக்குதும்மா" என்கிறார். அவருடைய ஸ்கூட்டர் ரிப்பேர் கடையைப் பூட்டி ஒரு மாதம் ஆகிறது! ஒழுங்காகப் பொய் சொல்லக்கூட வராது இந்த மனுஷனுக்கு.

மே 9
ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கியிருக்கிறேன். கொரோனா வார்டில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போக எனக்கே பயம். தம்பி தினமும் ஒரு வீடியோ அனுப்புகிறான். ஊசி போட்ட கையில் காந்தம் ஒட்டுகிறதாம். "உன் மூளைலயும் ஏதாவது ஒட்டிக்கிச்சாடா?" என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு சிரிப்புப் படம். கழுதை.

மே 13
டயர் கடைக்காரர் போய்விட்டார். அப்பாவுக்கு இருந்த ஒரே சிநேகிதர். எங்கள் ஆஸ்பத்திரியில்தான். சுற்றிக் கட்டிய உடலைத் தூரத்தில் நின்று பார்க்க விட்டார்கள்.
அப்பா போனில் சொன்னார்: "முகத்தைக்கூடக் காட்டலம்மா. உள்ள இருந்தது அவன்தானான்னு யாருக்குத் தெரியும்?"
என்ன சொல்ல? சுற்றிக் கட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி.

மே 19
அப்பாவுக்குக் காய்ச்சல். பரிசோதனைக்கு வரமாட்டாராம். வெறும் சளியாம், நாங்கள்தான் ஊதிப் பெரிதாக்குகிறோமாம். கெஞ்சி, சண்டை போட்டு, விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற கருவி ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். தொண்ணூற்றுநாலுக்குக் கீழே போனால் ஆம்புலன்ஸ், பேச்சே கிடையாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். "சரிடி" என்றாள்.

மே 20
தொண்ணூற்றெட்டு.

மே 21
தொண்ணூற்றெட்டு. அப்பாடா!

மே 23
இன்றும் தொண்ணூற்றெட்டு என்றாள். சொல்லிவிட்டு உடனே போனை வைக்கப் பார்த்தாள். அப்பாவிடம் கொடு என்றேன்.
"நல்லா... இருக்கேன்... மா."
வீடியோவில் காட்டச் சொன்னேன். கருவி தெரிந்தது. தொண்ணூற்றெட்டுதான். ஆனால் அதை மாட்டியிருந்த விரலில் ஒரு மோதிரம். ஸ்பேனர் பிடிக்கிற மனுஷன் என்றைக்கு மோதிரம் போட்டார்?
"யார் விரல்மா அது?" கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. திரையில் தரை மட்டும் தெரிந்தது.

அதே நாள், மாலை
எழுபத்தொன்று. இது அவர் விரலில், ஆம்புலன்ஸில் நானே மாட்டிப் பார்த்தது.
வழியில் அம்மா என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "அவனைக் கட்டின மாதிரி என்னையும் பொட்டலம் கட்ட விட்டுடாதேன்னு கையப் புடிச்சுக்கிட்டு அழுதார்டி. இத்தனை வருஷத்துல அவர் அழுது நான் பார்த்ததே இல்ல. நான் என்னடி பண்ணுவேன்?"
அடிப்பாவி அம்மா. நாலு நாள் விரலைக் கொடுத்தியே, அந்த நாலு நாளை எனக்குக் கொடுத்திருக்கக் கூடாதா? அவளிடம் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மே 25
ஆக்ஸிஜன் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார். நான் பக்கத்தில் நின்றால் விட்டுவிடுகிறார். கவச உடைக்குள் இருப்பது நான்தான் என்று எப்படித் தெரிகிறதோ.

மே 27
அப்பா போய்விட்டார்.
நானே சுற்றினேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. முகத்தை மட்டும் மூடாமல் வைத்து, வீட்டுக்கு வீடியோவில் காட்டினேன். மேற்பார்வை நர்ஸ் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார். அப்பாதான் இது, நல்லா பார்த்துக்கோங்க என்றேன்.

ஜூன் 2
ஒன்றும் எழுத முடியவில்லை.

ஜூன் 8
விடுப்பில் வீட்டுக்கு வந்தேன். அம்மா பாதியாகிவிட்டாள். தட்டில் போட்டதைக் கிளறிவிட்டு எழுந்துவிடுகிறாளாம். சமையலறையில் என்னைத் தனியாகப் பிடித்து, "நான்தான் கொன்னுட்டேன் இல்லடி?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா வந்துவிட்டார்.
சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி ஆரம்பித்தான். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதாலதான் அப்பா போனார், சித்தப்பா. வீட்ல இருந்த வரைக்கும் தொண்ணூத்தெட்டு! அம்மா தினமும் பார்த்தாங்க." என் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லுக்கா. இருந்துச்சா இல்லையா?"
விரல் விஷயம் அவனுக்குத் தெரியாது. எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.
"இருந்துச்சுடா" என்றேன்.
"பார்த்தீங்களா? நர்ஸே சொல்றா!"
அம்மா உட்கார்ந்து, போட்டதை முழுக்கச் சாப்பிட்டாள். அடுத்த வார ஊசிக்கு நான் பதிந்து வைத்திருந்த தன் பெயரை எடுத்துவிடும்படி தம்பி என்னிடம் சொல்லிவிட்டான்.