‘எல்லாருக்கும்’ என்ற பொத்தான்

ஜூன் 12, வியாழன்
விடிந்ததிலிருந்து மழை. பூன் லேயில் பஸ் மாறுவதற்குள் செருப்பெல்லாம் தண்ணீர்.

கிடங்கின் குளிரறைக்குள் செல்வம் மாட்டிக்கொண்டான். மீன் பெட்டி எடுக்கப் போனவன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி சும்மா சுற்றுகிறது, திறக்கவில்லை. நான் ஸ்டாக் பார்க்கப் போனதால் தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் உதடெல்லாம் நீலம். சூடாக மைலோ வாங்கி வந்தேன். கப்பைப் பிடிக்க முடியவில்லை அவனால்.

“யார்கிட்டயும் என் பேரைச் சொல்லாதீங்கக்கா.” முதலில் பேசியதே அதுதான்.

கைப்பிடியைப் படம் எடுத்து, கம்பெனி ஆப்பில் மேனேஜர் ரவிக்கு மட்டும் அனுப்பினேன். பேர் எழுதவில்லை. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம்.

ஜூன் 13, வெள்ளி
கைப்பிடி அப்படியே. படத்தை ‘டீமுக்கு மட்டும்’ என்று போட்டேன். கொஞ்ச நேரத்தில் ரவி என் மேசைக்கே வந்துவிட்டார்.

“நான் பார்த்துக்கிறேன் லா ஃபரீதா. எதுக்கு குரூப்ல போடுறீங்க? ஆடிட் வருது, தெரியும்ல?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பதிவை நீக்கிவிட்டேன். இந்த வயதில் வேலை போனால் யார் சேர்த்துக்கொள்வார்கள்?

வாங்க: அரிசி, அம்மா பிரஷர் மாத்திரை, பல்பு.

ஜூன் 15, ஞாயிறு
தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி, புதினா. வெளியே கூட்டத்துக்குள்ளிருந்து “அக்கா”. செல்வம். கிராஞ்சி தொழிலாளர் விடுதியிலிருந்து கூட்டாளிகளோடு வந்திருக்கிறான். புதுச் சட்டை.

ஆப்பில் எல்லாரும் பார்க்கிற மாதிரி போடலாமா என்று கேட்டேன். முகமே மாறிவிட்டது.

“வேலை பர்மிட்டைக் கேன்சல் பண்ணி ஊருக்கு ஏத்திவிட்ருவாங்கக்கா.”

“நாளைக்கும் நீதானே உள்ள போகணும்?”

“போகணும். ஒரு கட்டையை வெச்சு கதவை முட்டுக் கொடுத்துக்கிறேன்.”

கட்டை நழுவினால்? கேட்பதற்குள் பிரியாணி சாப்பிடச் சொல்லிக் கூட்டாளிகள் அவனை இழுத்துப் போனார்கள். நான் மாத்திரை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்
போட்டுவிட்டேன்.

காலையிலேயே. படத்தின் ஓரத்தில் செல்வத்தின் கையுறை தெரிந்தது, அதை வெட்டினேன். ‘இந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. ஓர் ஊழியர் மாட்டிக்கொண்டார். தயவுசெய்து யாரும் தனியாகப் போகாதீர்கள்.’ இதையே ஆங்கிலத்தில். கீழே மூன்று பொத்தான். ஒருவருக்கு, டீமுக்கு, எல்லாருக்கும். பிஸ்மில்லா சொல்லி மூன்றாவதை அழுத்தினேன். நேரே கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வேறு கிளையில் ஒருத்தி: ‘எங்கள் கதவும் இப்படித்தான்.’ இன்னொருவர்: ‘எங்களுடையதும்.’ அப்புறம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே வரி: ‘மாட்டிக்கொண்டது யார்?’

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஜூன் 17, செவ்வாய்
வெயில். கதவைப் பழுதுபார்க்க இரண்டு பேர் வந்துவிட்டார்கள். குளிரறையைப் பூட்டி நாடா கட்டியாயிற்று. இனி உள்ளே யாரும் போக முடியாது. அல்ஹம்துலில்லாஹ்.

பதினோரு மணி போல மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். ரவி, தலைமை அலுவலகத்து அம்மா ஒருவர். அந்த அம்மா மெதுவாகத்தான் பேசினார். ரிப்போர்ட்டுக்குப் பேர் வேண்டுமாம். ரவி தமிழில், தாழ்ந்த குரலில்: “பேரைச் சொல்லிடுங்க லா. உங்களுக்கு ஒண்ணும் வராது.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வம் சரக்கு அடுக்கிய பேலட் வண்டியை இழுத்துக்கொண்டு போனான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“நான்தான்” என்றேன். “உள்ள இருந்தது நான்தான்.”

அந்த அம்மா எழுதிக்கொண்டார். ரவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். குளிரறை வாசலுக்கு நேர் மேலே கேமரா.