அனிட்டா சொல்லாத தொகை

மூஞ்சிக்கல்,
கொடைக்கானல்.

அன்பு மகன் ஆக்னலுக்கு அம்மா லீமா எழுதுறது. ஆண்டவர் புண்ணியத்துல இங்க நாங்க மூணு பேரும் உயிரோட இருக்கோம், சுகமா இருக்கோம்னு எழுதத்தான் கை வரல. நீயாவது அங்க தோஹாவுல நல்லா இருக்கணும்னு சலேத் மாதாகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன். போன்ல நீ கத்துற, நான் அழுகுறேன், ஒண்ணும் வெளங்காமலே கட்டாயிருது. டிக்கெட் போட்டு வந்து ராஜமுருகன் கையை வெட்டுறேன்னு சொன்னியே, அதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. அதான் நடந்ததை நடந்தபடி எழுதுறேன், முழுசா படிச்சிட்டு அப்புறம் கோவப்படு.

ஒன் தங்கச்சி அனிட்டா அரசாங்க சர்வே சோலிக்குப் போறது தெரியும்ல, லாட்ஜு, டிராவல்ஸ், சலூன்னு போயி வருசத்துக்கு என்ன வரும்படின்னு கேட்டு டேப்லட்டுல ஏத்தணும். சரக்கு விக்கிறவன்னா மூட்டையை எண்ணிரலாம், இவங்க விக்கிறது ஒரு ராத்திரித் தூக்கமும் சுத்திக் காட்டுறதும்தான, வாய் விட்டுக் கேக்காம எப்படிம்மா தெரியும்னு சொல்லுவா. எல்லா எடத்துக்கும் போறதில்ல, மேல இருந்து சில பேரை எடுத்துக் கொடுப்பாங்களாம், அதுல ராஜமுருகன் லாட்ஜு வந்துருச்சு. அப்பா அவருக்குத்தான ஜீப்பு ஓட்டுறாக, தெரிஞ்ச எடம்னு இவளும் தைரியமா அப்பா கூடவே போயிருக்கா. ரூம் வாடகை, சாப்பாடு, கேம்ப் ஃபயர்னு அவரும் ஏதோ கொறைச்சுக் கொறைச்சுச் சொல்லிட்டே வந்திருக்காரு. அடுத்து இவ, ஜீப்பு சவாரிக்கு டூரிஸ்ட் கொடுக்குறது பூராவும் ஒங்க வருமானம் ஆகாது சார், டிரைவருக்குக் கொடுத்தது போக ஒங்க கமிஷனை மட்டும் சொல்லுங்கன்னு கேட்டிருக்கா. அது எல்லார்கிட்டயும் கேக்குற கேள்விதான். அவருக்கு அங்கதான் பத்திக்கிச்சு. ஒங்கப்பன் சொல்லி வேவு பாக்க வந்தியா, வரி ஆபீஸ்ல சொல்லி என் லாட்ஜுக்கு சீல் வைக்கப் போறியான்னு டேப்பைப் பிடுங்கித் தரையில அடிச்சிட்டாரு. இது வரிக்கு இல்ல சார், ஒங்க பேரே வெளிய வராதுன்னு குனிஞ்சு எடுக்கப் போனவளை முடியைப் பிடிச்சுக் கண்ணாடிக் கதவுல மோதி, கையைப் பின்னாடி முறுக்கியிருக்காரு. எலும்பு முறிஞ்ச சத்தம் வாசல்ல நின்ன அப்பாவுக்கே கேட்டுச்சாம்.

அப்பா ஜீப்புல கெடந்த ஜாக்கி ராடை எடுத்துட்டு உள்ள போனாக. ஒரே அடியில அவரு தாடை ஒடைஞ்சு தொங்கிருச்சு. விழுந்த ஆளை விடாம அடிச்சிருக்காக, லாட்ஜு ஆளுக விறகுக் கட்டையால அப்பா மண்டையில போட்ட பெறகுதான் நின்னுச்சு. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுறப்ப மூணு பேரும் ஒரே வராண்டாவுல கெடக்குறாக, தரையில எந்த ரத்தம் யாரோடதுன்னு தெரியல. ரெண்டு பக்கமும் கேஸு. அப்பா ஜாமீன்ல வந்து டெய்லி ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடுறாக. நீயும் வந்து வெட்டுனா ரெண்டு பேருக்கும் நான் ஜெயிலுக்குச் சோறு தூக்கணும், அதை நெனச்சியா.

இனிமே எழுதுறது ஒனக்குத் தெரியாது. அந்த லாட்ஜுல மறுத்துட்டாங்கன்னு போட்டுட்டு விட்டுரும்மான்னு இவ ஆபீசர் சொல்லியிருக்காரு. இவ கேக்கல. அந்த ஒரு லாட்ஜு அது மாதிரி இருக்குற பல லாட்ஜுக்கும் சேத்து நிக்குதும்மா, சிரிச்சுப் பேசுறவங்க வரும்படியை மட்டும் எடுத்துட்டு அடிக்கிறவங்களை விட்டா ஊரு நெலமை எப்படித் தெரியும்னு மாவுக்கட்டோட கெளம்பிட்டா. நானும் பையில அருவாளைப் போட்டுக்கிட்டுப் பின்னாடியே போனேன். தாடையில கம்பி கட்டிப் பேச முடியாம உக்காந்திருந்தாரு ராஜமுருகன். அவரு சம்சாரம் தேவசேனாதான், கேளும்மா நான் சொல்றேன்னு எதுத்தாப்புல வந்து உக்காந்துச்சு. என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டா அனிட்டா. கண்ணாடி போன கதவு வழியா பாத்தேன், அந்தம்மா மெதுவா சொல்லச் சொல்ல இவ இடது கையால ஏத்துறா. அந்தாளு வெடுக்குன்னு எந்திரிச்சாரு. நான் பைக்குள்ள கையை விட்டேன். தேவசேனா சட்டையைப் பிடிச்சு இழுத்து அவரை உக்கார வச்சிருச்சு. அதோட முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன்.

வீட்டுக்குள்ள வந்து செருப்பைக் கழட்டல, அப்பா பிடிச்சுக்கிட்டாக. எவ்வளவு சொன்னாங்க, சொல்லு, வரி ஆபீஸ்ல போட்டுக் கொடுத்து அவனைத் தெருவுல நிறுத்துறேன்னு. சொல்ல மாட்டேம்ப்பா, வெளிய சொல்றதில்லன்னு வாக்குக் கொடுத்துத்தான் வாங்குனேன்னா. சோத்துத் தட்டு பறந்து போயி செவுத்துல அடிச்சுச்சு. கையை ஓங்கிட்டாக, ஆக்னல், கட்டுப் போட்ட பிள்ளையை. அவ நகரல. அடிங்கப்பா, நான் கேட்டதுக்கு அவரு அடிச்சாரு, நான் சொல்லாததுக்கு நீங்க அடிங்கன்னா. ஓங்குன கையை எறக்கிட்டாக. வெளிய போயி ஜீப்புக்குள்ள உக்காந்து ஸ்டியரிங்குல மண்டையை முட்டி முட்டி அழுதாக, தையல் பிரிஞ்சு ரத்தம் மூஞ்சியில எறங்குச்சு. அவதான் ஓடிப் போயி நல்ல கையால துணியை வச்சு அழுத்திப் பிடிச்சா. நான் அந்த அருவாளை எடுத்துப் பரண்ல போட்டுட்டேன்.

ஏலே, டிக்கெட்டை வெரசா கேன்சல் பண்ணு. அங்க கோவத்துல வண்டி ஓட்டாத, நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை பூசையை விட்டுறாத. மாதா ஒன் கையையும் ஒன் மனசையும் காக்கட்டும். கேஸு கோர்ட்டுல நடக்கட்டும், அவரு செஞ்சதுக்கு அங்க பதில் சொல்லட்டும், அப்பா செஞ்சதுக்கு அப்பாவும் சொல்லட்டும். தங்கச்சிக்குப் போன் போடு, கை எப்படி இருக்குன்னு கேளு. அந்தத் தொகையை நீயும் கேட்டுறாத.

ஒன் அம்மா,
மனுவேல் லீமா