கரண்ட் போனது யாருக்கும் தெரியவில்லை

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஜனங்களின் படம், கணக்கு எல்லாவற்றுக்கும் மூன்று நகல் எடுத்து, தள்ளித் தள்ளி மூன்று கட்டடங்களில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் வைத்திருக்கிறோம். ஒன்று படுத்துவிட்டால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும். நேற்று சோதனைக்காக ஒரு கட்டடத்தின் கரண்டை நானே நிறுத்தினேன். வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை. "பாத்தியா, ஒண்ணுமே ஆகல!" என்று மேனேஜர் என் முதுகில் தட்டினார். நான் நின்ற கட்டடத்துக்குள் மட்டும் ஒரே இருட்டு.

அப்பா போனதிலிருந்து நீயும் போனில், "இங்க எல்லாம் வழக்கம்போலத்தான் ஓடுது" என்கிறாய். அந்த இருட்டுக் கட்டடத்துக்குள் நின்றவன் நான், அம்மா. எனக்குத் தெரியாதா?

பார்சலில் வேறெதுவும் வேண்டாம். அப்பா கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டையை மட்டும் வை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. துவைத்துவிடாதே, அம்மா.