சாமியின் எடை ஐம்பத்தைந்து கிலோ

அனுப்புநர்:
ஹகோயிஷி நோரியே (வயது 62),
கடற்பாசி அவித்து உப்பிட்டு விற்பவர்,
படகுத்துறைத் தெரு, இசோகுரா.

பெறுநர்:
தலைமை அலுவலர்,
வாகனப் பரிசோதனை நிலையம், கமினுமா.

பொருள்: சொந்த உபயோக டிரெய்லருக்குப் பரிசோதனைச் சான்று மறுக்கப்பட்டது – மறுப்பில் எங்கள் ஊர்ச் சாமியைப் பயணியாகக் கணக்கிட்டது – அதை நீக்கி, செப்டம்பர் 14 திருவிழாவுக்கு முன் சான்று வழங்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் ஜூலை 29 தேதியிட்ட மறுப்புத் தாள்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகத்தின் மறுப்புத் தாளைப் பலமுறை படித்துவிட்டேன். கையெழுத்து அழகாக இருக்கிறது, முத்திரை நேராக விழுந்திருக்கிறது, கூட்டலும் சரியாக இருக்கிறது. கூட்டப்பட்டது என்ன என்பதில்தான் எனக்கு வழக்கு. கீழ்க்கண்டவற்றைப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் அலுவலகத்தில் இரண்டு முழு நாள் பொறுமையாக உட்கார்ந்தவள் நான். அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு உரிமை உண்டு.

1. மேற்படி டிரெய்லர் என் சொந்த உபயோகத்துக்கானது. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், 350 கிலோ வரை ஏற்றலாம். என் கணவர் இருந்த காலத்தில் அதில் சிறு படகு போனது. இப்போது கடற்பாசிப் பெட்டிகள் போகின்றன. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் கமினுமாவுக்கு மூன்று மணி நேரம் இழுத்து வந்து பரிசோதனை முடித்திருக்கிறேன். என்னுடைய எந்த லாரி இதை இழுக்கலாம் என்ற குறிப்புகூடச் சான்றிதழில் முறைப்படி ஏற்றப்பட்டிருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு பின்விளக்கு பல்புக்காகக்கூட என்னைத் திருப்பி அனுப்பியதில்லை. இந்த வருடம் அனுப்பினீர்கள். பல்பு நன்றாகத்தான் எரிந்தது.

2. காரணம் புரிய எங்கள் ஊரைப் பற்றி நான்கு வரி எழுத வேண்டியிருக்கிறது. பெரிய அலை வந்துபோன பிறகு இசோகுராவில் பாதிப் பேரை அரசாங்கம் மலைமேல் கட்டிய குடியிருப்புக்கு அனுப்பியது. நாற்பத்துமூன்று வீடுகள். கோயில் மட்டும் பாறைமேல் இருந்ததால் தப்பித்து, படகுத்துறையிலேயே இருக்கிறது. நடுவில் ஆறு கிலோமீட்டர், பதினோரு கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சாலையைப் போட்டவர்களும் அரசாங்கத்தார்தான் என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். செப்டம்பர் திருவிழாவில் சாமி சப்பரத்தில் புறப்பட்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்பது வழக்கம். சப்பரம் தூக்க இருபத்துநான்கு பேர் வேண்டும். சில வருடங்கள் வெளியூர்க் கல்லூரிப் பிள்ளைகள் வந்து தோள் கொடுத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், பிறகு வரவில்லை. இப்போது மிஞ்சியிருப்பவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் சேர்த்து நல்ல முழங்கால் ஐந்தாறு தேறலாம்.

3. போன வருடம் சாமி மலை ஏறவில்லை. படகுத்துறையைச் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். வர முடியாது என்று மேலே தகவல் சொல்லும் பொறுப்பு என்னுடையது. வெட்கமாக இருந்தது, இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுச் சொல்லாமலே விட்டேன். நாற்பத்துமூன்று வீட்டிலும் விளக்குக் கட்டிக் காத்திருந்திருக்கிறார்கள். என் நாத்தனார் சவாதே தோமோ, அதாவது என் கணவரின் அக்கா, வாசலில், சப்பரம் வந்ததும் தெளிக்கத் தண்ணீர் வாளியும் உப்பும் வைத்துக்கொண்டு காலை பத்து மணியிலிருந்து இருட்டும்வரை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கணவர் அதே சப்பரத்தைத் தூக்கியவர், அலையோடு போனவர். அன்று தொலைபேசியில் நாத்தனார் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் நோரியே, உங்க சாமிக்கு மேட்டு வீடெல்லாம் ஆகாதோ?" வரும் அக்டோபரில் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு இருக்கச் சைத்தாமாவுக்குப் போகிறார். இனி திரும்பி வரமாட்டார். அதனால்தான் இந்த வருடம் என் டிரெய்லரைத் தருகிறேன் என்று கோயில் குழுவிடம் நானே போய்ச் சொன்னேன். "பாசி ஏத்துற வண்டியில சாமியா? நாத்தம் அடிக்குமே" என்று ஒருவர் இழுத்தார். "கடல்ல இருந்து வந்தவர்தானே, அவருக்குப் பழக்கம்தான்" என்றேன். அதற்குமேல் யாரும் மறுக்கவில்லை.

4. சப்பரத்தைக் கயிறு போட்டுக் கட்டினால் போதாதா என்று தாங்கள் கேட்கலாம். தங்கள் துணைப் பரிசோதகரும் கேட்டார். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். சப்பரத்தின் எடைக்கு உப்பு மூட்டைகளை அடுக்கிக் கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். ஒன்பதாவது வளைவில் மூன்று மூட்டைகள் சாலையில் கிடந்தன. எனவே படகு கட்டும் தச்சரைக் கொண்டு டிரெய்லர் தளத்தில் மரச் சட்டம் செய்து, போல்ட் போட்டு முடுக்கினோம். போல்ட் போட்டால் அது வண்டியின் பாகம், வண்டியின் அமைப்பு மாறிவிட்டது, தனி விண்ணப்பம் வேண்டும் என்றது விதி. சரி என்றோம். கயிற்றில் கட்டிச் சாலையில் கொட்டுகிறவருக்கு விண்ணப்பம் வேண்டாம், போல்ட் போட்டுப் பத்திரமாகக் கொண்டுபோகிறவர் மூன்று பிரதி கொடுக்க வேண்டும் என்பதை நான் குறை சொல்லவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

5. விண்ணப்பத்தை நிரப்பியவர் எங்கள் கோயில் குழுத் தலைவர் கரிமாய் கின்ஜி, வயது 78. 'ஏற்றப்படும் பொருள்' என்ற கட்டத்தில் அவர் எழுதியது: 'பொருள் எதுவும் இல்லை. சாமி எழுந்தருளுவார்.' நான் அப்போது கழிப்பறைக்குப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் தாள் ஜன்னலுக்குள் போய்விட்டது. 'மரச் சப்பரம், ஒன்று' என்று எழுதியிருந்தால் தங்களுக்கு இந்த மனு இல்லை, எனக்கு இந்த ரத்தக்கொதிப்பு இல்லை. ஆனால் அறுபது வருடம் தோளில் சுமந்தவருக்கு அப்படி எழுதக் கை வராது. அன்று நடந்த பேச்சைக் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன். கேட்டவர் துணைப் பரிசோதகர் தமயாமா. முப்பது வயது இருக்கும், மரியாதையாகத்தான் பேசினார். பதில் சொன்னவர் கரிமாய் ஐயா.

கேள்வி: "ஐயா, எழுந்தருளுவார்னா என்னங்க? இதுல ஏறி உட்காருவாரா?"
பதில்: "ஆமா தம்பி. சப்பரத்துக்குள்ள உட்காருவார்."
கேள்வி: "வண்டி ஓடும்போதும் உள்ளதான் இருப்பாரா?"
பதில்: "பின்னே? இறங்கி நடந்தா வருவார்?"
கேள்வி: "டிரெய்லர்ல யாரும் உட்கார்ந்து போகக் கூடாதுங்க. சட்டம்."
பதில்: "நீயும் நானும் போகக் கூடாது. அது நியாயம்தான்."
கேள்வி: "சரக்குன்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க ஐயா. இப்பவே முத்திரை போட்டுடறேன்."
பதில்: "உங்க அப்பாவைச் சரக்குன்னு எழுதிக் கொடுத்தா முத்திரை போடுவியா தம்பி?"

6. அதன்பின் தமயாமா உள்ளே போய் யாரையோ கேட்டுக்கொண்டு, மறுப்புத் தாளோடு திரும்பி வந்தார். அதில் இரண்டு காரணங்கள். ஒன்று, டிரெய்லரில் ஆள் பயணம் செய்ய அனுமதி இல்லை. இரண்டு, எடை அதிகம். மீன் ஏலக்கூடத் தராசில் நாங்கள் எடை பார்த்தபோது சப்பரம் 297 கிலோ. டிரெய்லர் 350 கிலோ தாங்கும். பிறகு எப்படி அதிகம் என்று பார்த்தால், தாளில் இப்படி இருக்கிறது: சப்பரம் 297, பயணி ஒருவர் 55, மொத்தம் 352. தங்கள் விதியில் ஆளுக்கு 55 கிலோ என்று கணக்காம். எனவே சாமிக்கும் 55. ஐயா, எங்கள் சாமி இசோகுராவுக்கு வந்து ஐந்நூறு வருடம் ஆகிறது என்பார்கள். இத்தனை காலத்தில் எந்தப் பூசாரியும், அவரைத் தோளில் சுமந்த எவரும் கண்டுபிடிக்காததைத் தங்கள் அலுவலகம் ஒரே காலைப்பொழுதில் கண்டுபிடித்துவிட்டது. இந்த எடை படையலுக்கு முன்பா பின்பா என்று மட்டும் தாளில் இல்லை. மேலும், ஏறவே கூடாது என்று விலக்கிய ஒருவருடைய எடையை ஏறியதாகக் கூட்டுவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். படித்தவர்கள் விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

7. அன்று எங்களுக்கு முன்னால் நின்ற டிரெய்லரில் நாய்க்கூண்டு ஒன்றுக்கு நான்கு போல்ட் போட்டிருந்தது. அதற்கும் இதே விண்ணப்பம்தான். அந்தக் கட்டத்தில் 'வேட்டை நாய், இரண்டு' என்று எழுதியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். நாய் நிற்குமா உட்காருமா என்று யாரும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

8. இரண்டு கிலோதானே அதிகம், சப்பரத்தின் உச்சியில் இருக்கும் பித்தளைப் பறவையைக் கழற்றிவிட்டால் எடையாவது சரியாகிவிடும் என்று தமயாமா யோசனை சொன்னார். உதவி செய்யும் எண்ணத்தில்தான் சொன்னார். கரிமாய் ஐயா எழுந்து போய் லாரியில் உட்கார்ந்துகொண்டார்.

9. ஆகஸ்டு 8 அன்று, ஒன்பது கோயில்களுக்கு ஒரே பூசாரியான ஓகுதேராவையும் அழைத்துக்கொண்டு மறுபடி வந்தேன். நான்காம் எண் ஜன்னலில் ஒரு வழி சொன்னார்கள். மலை ஏறும்வரை சப்பரத்துக்குள் சாமி இல்லை என்று பூசாரி எழுதிக் கொடுத்தால் போதுமாம். மேலே போய்ச் சேர்ந்தபிறகு அழைத்து உள்ளே வைத்துக்கொள்ளலாமாம். பூசாரி நிதானமானவர். "அதுவரைக்கும் சாமி எதுல வருவாருங்க, என் கார்லயா?" என்று கேட்டார். "கார்னா பரவாயில்லைங்க. பின் சீட்டுன்னாலும் பெல்ட் போடணும்" என்று பதில் வந்தது. கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், தங்கள் அலுவலகத்தில் முகங்களையும் பரிசோதித்துத்தான் ஜன்னலில் உட்கார வைக்கிறீர்கள் போலிருக்கிறது.

10. இதுவரை எழுதியதில் கேலி இருந்தால் அது என் வாய்க்கொழுப்பு. இனி எழுதுவதில் கேலி இல்லை. ஆகஸ்டு 16 அன்று கூடிய கூட்டத்தில் ஒன்பது பேரும் ஒரு முடிவு எடுத்தார்கள். டிரெய்லருக்குச் சான்று வராவிட்டால் சப்பரத்தைத் தோளிலேயே தூக்கிக்கொண்டு மலை ஏறுவது. 297 கிலோவை ஒன்பதால் வகுத்தால் ஆளுக்கு 33 கிலோ வருகிறது. அவர்களுடைய சராசரி வயது 71. கரிமாய் ஐயாவின் இருதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. "பாதி வழியில விழுந்தீங்கன்னா என்ன பண்றது?" என்று கேட்டேன். "ஏறினவரைக்கும் லாபம்தான்" என்றார். மற்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் தூக்குவார்கள், ஐயா. வாய்ச்சவடால் விடுகிறவர்கள் அல்ல. மனிதர் தோளில் போகும் சப்பரத்துக்குத் தங்கள் விதியில் எடை வரம்பு இல்லை, பிரேக் பரிசோதனை இல்லை, சான்றும் வேண்டாம். சக்கரத்தில் பத்திரமாகப் போகக் கூடாது, எழுபது வயதில் மாரடைத்துச் சாகப் போகலாம் என்பதுதான் இப்போது நிலவரம். எனக்குப் பயமாக இருக்கிறது.

11. ஆகவே, ஜூலை 29 மறுப்புத் தாளில் பயணி என்று சேர்த்த ஒருவரையும், அவர் கணக்கில் சேர்த்த 55 கிலோவையும் நீக்கி, செப்டம்பர் 12க்குள் சான்று வழங்க வேண்டுகிறேன். விதியில் அதற்கு இடமில்லை என்று தாங்கள் சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக இத்துடன் ஒரு புதிய விண்ணப்பம் இணைத்திருக்கிறேன். டிரெய்லர் என் பெயரில் இருப்பதால் நானே நிரப்பி, கையெழுத்துக்குப் பதிலாக என் பெயர் முத்திரையைக் குத்தியிருக்கிறேன். 'ஏற்றப்படும் பொருள்' என்ற கட்டத்தில் 'சரக்கு' என்று எழுதியிருக்கிறேன்.

12. கரிமாய் ஐயாவுக்கு இது தெரியாது. சான்றை என் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள், கோயிலுக்கு வேண்டாம். அவர் தொலைபேசியில் விசாரித்தால், அலுவலகம் யோசித்துப் பார்த்துத் தன் தவற்றைத் திருத்திக்கொண்டது என்று சொல்லிவிடுங்கள். நான் ஒரு பொய் எழுதியிருக்கிறேன், தாங்கள் ஒரு பொய் சொல்வதில் தவறில்லை. அந்தச் சொல்லை எழுதுவதற்கு முன் கோயிலுக்குப் போய்ச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். தங்களிடம் கேட்பதற்கு என்னிடம் மன்னிப்பு எதுவும் இல்லை. சான்று மட்டும்தான் கேட்கிறேன்.

இடம்: இசோகுரா
தேதி: ரெய்வா ஏழாம் ஆண்டு (2025), ஆகஸ்டு 20

டிரெய்லரின் உரிமையாளர்,
ஹகோயிஷி நோரியே
(முத்திரை)