ஊதாத் துணி

ஜனவரி 7, ஞாயிறு
பாஸ்டர் லார்ட்டே தலையில் கை வைத்தால் ஆவி இறங்கிப் பெண்கள் விழுவார்கள். பின்னால் நிற்கும் சபை உதவியாளர்களான டீக்கன்கள் தாங்கிப் படுக்க வைப்பார்கள். நான் ஓடிப்போய் ஊதாத் துணியால் அவர்கள் கால்களை மூடுவேன். பதினாறு வயதில் எனக்கு வாய்த்திருக்கும் ஊழியம் இது. பரலோகமே இறங்கினாலும் பாவாடை விலகக் கூடாது.

இன்று தங்கை கோர்க்கோயின் இழுப்பு நீங்கிவிட்டதாக பாஸ்டர் அறிவித்தார். அம்மா அவளுடைய இன்ஹேலரைப் பீடத்துக் கூடையில் போட்டாள். அதில் ஏற்கெனவே, கண் குணமானவர்கள் போட்ட சில மூக்குக்கண்ணாடிகள் கிடந்தன. ஆராதனை முடிந்ததும் அவை சத்தமில்லாமல் அவரவர் மூக்குக்குத் திரும்பின. இன்ஹேலரை எடுக்க அம்மா வரவில்லை. நான் எடுத்தேன்.

ஜனவரி 9
ஹர்மட்டான், பாலைவனத்து வறண்ட காற்று, தொடங்கிவிட்டது. எங்கள் தேமா நகரம் முழுக்கத் தூசி. கோர்க்கோய் இருமுகிறாள்.

"அம்மா, அவ நெஞ்சுல காது வச்சுக் கேளேன்."

"வாயை மூடுடி டேடே. நீ சொல்லிச் சொல்லித்தான் பிசாசு திரும்பி வருது."

இருமல் மட்டும் பிசாசுக்குக் கேட்காதாக்கும்.

ஜனவரி 12
கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டு கோர்க்கோய்க்கு மருந்து கொடுத்தேன். "அக்கா, இதை இழுத்தா சுகம் போயிடுமா?" என்று கேட்டாள். "மூச்சு வரும்" என்றேன். எனக்குத் தெரிந்த இறையியல் அவ்வளவுதான். குலுக்கிப் பார்த்தேன். மருந்து தீரப்போகிறது.

ஞாயிறன்று கோர்க்கோயின் சாட்சியாம். இழுப்பு நீங்கியவர்கள் சபையைச் சுற்றி ஓடிக் காட்டுவது இங்கே வழக்கம். டீக்கன் நோர்ட்டே குஷியாகிவிட்டார். "எரிகோ மாதிரி ஏழு சுத்து ஓடட்டும்!"

வேதத்தில் எரிகோவைச் சுற்றி வந்தபோது கடைசியில் அதன் மதில் விழுந்தது என்பதை அவருக்கு யார் நினைவூட்டுவது?

ஜனவரி 13
ஓட வேண்டாம் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். சாப்பாட்டுக்கான கெங்கே மாவு உருண்டையின் சோளத் தோகையை உரித்துக்கொண்டே, "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனேடி" என்றாள்.

கோர்க்கோய் குணமாகிவிட்டாள் என்று அம்மா சொல்லவில்லை. ஊருக்குச் சொல்லிவிட்டாளாம், அவ்வளவுதான்.

ஜனவரி 14, ஞாயிறு
ஓடினாள். மேளத்தையும் மீறி அவள் நெஞ்சு விசிலடிப்பது எனக்குக் கேட்டது. பாஸ்டர் மைக்கில், "ஓடு மகளே, ஓடு!" பீடத்தருகே மடிந்து விழுந்தாள்.

"அபிஷேகம்! அபிஷேகம்!" சபையே எழுந்து கத்துகிறது. டீக்கன் ஆடுகிறார். அவள் உதடு சாம்பலாப் போயிடுச்சு — யாரும் பாக்கலையே, ஒருத்தர்கூட பாக்கலையே —

மூடுவது என் வேலை. மூடினேன். நானும் துணிக்குள் புகுந்துகொண்டேன். காலுறைக்குள் வைத்திருந்த இன்ஹேலரை எடுத்து அவள் வாயில் வைத்தேன். "இழுடி. இன்னொரு தடவை. இழு." வெளியே ஸ்தோத்திரப் பாட்டு. கடைசி அழுத்தலில் வெறும் காற்றுதான் வந்தது.

எப்படியோ மூச்சு திரும்பியது. எழுந்து உட்கார்ந்தாள். "பாத்தீங்களா!" என்றார் பாஸ்டர்.

டீக்கன் என்னிடம், "நீ எதுக்கு உள்ள போனே?"

"எனக்கும் வந்துடுச்சு, டீக்கன்."

"ஸ்தோத்திரம்!"

அம்மா மட்டும் கைதட்டவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 16
அம்மா என்னிடமிருந்து துணியை வாங்கி வைத்துக்கொண்டாள். பாஸ்டரிடம் சொல்லிவிடுவாளா? இன்ஹேலர் காலி. தூசிக் காற்று ஓயவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு
அம்மா துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்தாள்.

"கோர்க்கோய் பக்கத்துலயே நில்லு" என்றாள்.

சபையில் விரித்தபோது கனத்தது. உள்பக்க ஓரத்தில் அதே ஊதா நிறத்தில் சின்னதாக ஒரு பை. அம்மாவின் தையல். உள்ளே, உறை பிரிக்காத புது இன்ஹேலர்.

முன்வரிசையில் அம்மா இரு கைகளையும் உயர்த்தி, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.