ஓடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் அத்தையும் சுகமா? அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்ததா? மாட்டுங்காவில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! செம்பூர் பக்கம் நெடுஞ்சாலைக்கு மண் கொட்டியதில் கடலோடை அடைபட்டு, அலையாத்தி மரங்கள் பட்டுப்போகின்றன என்று ஆய்வு செய்து சொன்னேன் அல்லவா? சாலை போடுகிறவர்கள் ஒருவழியாக ஒப்புக்கொண்டு, சாலைக்கு அடியில் பெரிய குழாய்கள் பதித்தார்கள். நேற்று கடல் ஏறும் நேரம் பார்த்துத் திறந்தார்கள். தண்ணீர் மரங்களை நோக்கிப் பாய்ந்ததும் என்னை மறந்து ஓடி, முழங்கால்வரை சேற்றில் புதைந்தேன். பயப்படாதீர்கள், ஒரு கீறல்கூட இல்லை. பொக்லைன் ஓட்டும் தாராவி வேல்ராஜ், “யக்கா, ஆடாம நில்லுங்க, இந்தா வாரேன்” என்று தூக்கிவிட்டார். செருப்புதான் போயிற்று.

இத்தனை நாளும் என்னோடு மல்லுக்கட்டிய என்ஜினியர் முகேஷ் என்ன சொன்னார் தெரியுமா? “மேடம், அடுத்த ஓடைல மண்ணு கொட்டறதுக்கு முன்னாடியே கொழாய் போட்டுருவோம்!”

அந்த அடுத்த ஓடையை அளக்கத்தான் இப்போது கிளம்புகிறேன். ஜீப் ஹாரன் அடிக்கிறது. பருப்புப்பொடி அனுப்பும்போது உங்கள் பழைய சட்டை ஒன்றும் வையுங்கள். அத்தை கேட்டால் சேற்று வேலைக்கு என்று சொல்லுங்கள். துவைக்க வேண்டாம்.

உங்கள்
இசக்கிசெல்வி