அவள் பெயரை எடுக்கச் சொன்னார்கள்

செம்பூர், ஜூலை 1989, செவ்வாய்

நூர்ஜஹானை வேலையிலிருந்து விரட்டியவர் எங்கள் மேலாளர். அவள் தாராவிக்காரி என்பதுதான் காரணம். அவள் குடும்பம் தாராவியையும் காலி செய்துவிட்டது. எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குள் மட்டும் புதிதாக ஓடும் மின்னஞ்சலின் பட்டியலைப் பார்த்துக்கொள்பவன் நான். எல்லோருக்கும் அனுப்பும் செய்தி, மூடப்பட்டுவிட்ட அவள் முகவரியிலிருந்து மட்டும் என்னிடமே திரும்பி வருகிறது.

"அரே, இன்னும் அந்தப் பேரை எடுக்கலையா? திரும்பி வரதைப் பாத்துண்டே உக்காந்திருக்கியா, மஜ்னு?" என்றார் மேலாளர் இன்று.

"நாளைக்கு எடுத்திருதேன் சார்," என்றேன்.

எடுத்துவிட்டால் அவள் பெயர் திரையில் வருவதும் நின்றுவிடும்.

அவர் போனதும் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அனுப்பினேன்: "நூர்ஜஹான் எங்கே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

ஒரே ஒரு பதில் வந்தது, அவள் முகவரியிலிருந்து: இங்கே அப்படி யாரும் இல்லை.